ஆடியில் அளந்த இடிசல்

பை என் மடியிலேயே இருக்கட்டுங்க. மேலே வைத்தால் எவனாவது பெட்டியைத் தூக்கி அதன்மேல் போடுவான். உள்ளே ஜாங்கிரி இருக்கிறது. தாராபுரத்தில் சகலை வீட்டுக்குப் போகிறேன். அங்கேதான் என் சம்சாரம் இருக்கிறாள். ஆனியில் போனவள், புரட்டாசியே வந்துவிட்டது. இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

சண்டை எல்லாம் இல்லைங்க. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீங்க. எங்களுக்குள் ஒரு சொல் வந்தது கிடையாது. எல்லாம் வீட்டை இடித்துப் போட்ட ஒரு இடிசல் குவியலால் வந்தது. நீங்கள் பழனி வரைக்குமா? அப்போது நான் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

என் பேர் நாச்சிமுத்து. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். டேபிளில் துணியை விரித்தால் போதும், இதில் இத்தனை பீஸ் வரும், இவ்வளவு வேஸ்ட் போகும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். நாச்சிமுத்து வெட்டினால் வேஸ்ட் போகாது என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன். பையன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, போதும் என்று வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். அதுவரைக்கும் அந்த வீட்டில் தூங்கியிருக்கிறேனே தவிர, வீட்டைப் பார்த்தது இல்லை.

எல்லாம் கோணல்ங்க. பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. எந்த மடையன் இப்படி வைத்தான் என்று கேட்டேன். "நீங்கதான் பக்கத்துலயே நின்னு வெச்சீங்க" என்றாள் வசந்தாமணி. வசந்தாமணிதான் என் சம்சாரம். சரி, அது போகட்டும். கதவைத் திருப்ப வேண்டுமென்றால் சுவரை எடுக்க வேண்டும். எடுத்தேன். சுவரை எடுத்ததும் அதன் பின்னால் இருந்த துவைக்கிற தொட்டி அசிங்கமாகத் தெரிந்தது. அதை எடுத்தேன். தொட்டி போனதும் சமையலறை ஜன்னலுக்கு மேலே சிலாப் துருத்திக்கொண்டு நின்றது. ஒன்றை எடுத்தால் அடுத்தது தானாகவே என்னையும் எடு, என்னையும் எடு என்கிறது. மனுஷன் என்ன செய்வான்?

"இந்த வீட்டுல இன்னும் இடிக்காதது நான் ஒருத்திதான் பாக்கி" என்பாள் வசந்தாமணி. அவளுக்கு எப்போதும் தமாஷ்தான்.

எடுத்தது எல்லாம் வாசலுக்கு முன்னால் சேர்ந்தது. செங்கல், காரை, டைல்ஸ், முறுக்கிய கம்பி. முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு. பிறகு தெருவில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டுக் கதவு தெரியாது. பால்காரர் குவியலுக்கு அந்தப் பக்கமே நின்று மணி அடிப்பார். வசந்தாமணி பாத்திரத்தோடு சுற்றிப் போவாள்.

நான் சும்மா இருக்கவில்லை. டிராக்டர்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குவியலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஏத்தறது பிரச்சனை இல்லீங்க. எறக்கறதுதான் பிரச்சனை" என்றார். கல் வெட்டி எடுத்த பழைய பாறைக்குழியில் கொட்டப் போனால் அங்கே குடியிருக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். நொய்யல் கரையில் கொட்டினால் வண்டியைப் பிடித்துக்கொள்கிறார்களாம். "எங்க கொட்டறதுன்னு நீங்க சொல்லுங்க, எத்தன லோடுன்னு நான் சொல்றேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி இருக்கும்போது ஆனியில் வசந்தாமணியின் பெரியம்மா பேரனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுப்படி ஏறி அழைத்தால்தான் அழைப்பு. போனில் சொன்னால் சொல்லாததற்குச் சமம். அவர்களும் முறையாகத்தான் வந்திருக்கிறார்கள். காரை விட்டு இறங்கியதும் குவியலைப் பார்த்திருக்கிறார்கள். "வீட்டை இடிச்சுப் போட்டு எங்கியோ வாடகைக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது. ஒரு வார்த்தை சொல்லலையே பாரு" என்று வருத்தப்பட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நாங்கள் உள்ளேதான் டிவி பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வசந்தாமணி சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், மோர் ஊற்றினாள். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு குவியலைச் சுற்றிப் போனாள். அந்தப் பக்கம் நின்று, "வாசல்ல கெடக்கற இந்த எளவு என்னைக்குப் போகுதோ அன்னைக்குக் கூப்புடுங்க, வர்றேன்" என்றாள். குரல்தான் கேட்டது. ஆள் தெரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டதுங்க. அவளுக்கு அந்தக் குவியல் பிடிக்கவில்லை. வேறு ஒரு குறையும் இல்லை. குவியல் போனால் அவள் வந்துவிடுவாள். அவ்வளவு சின்ன விஷயம்.

சின்ன விஷயம் என்று சொல்கிறேனே தவிர, சாப்பாடு மெஸ்ஸில்தான். நான் தோசை ஊற்றினால் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ராத்திரி டிவி போட்டால் அதில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அவள்தான் டிவியில் வருகிறவர்களைத் திட்டுவாள்.

ஆடி பிறந்த பிறகு மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் தொப்பி, கையில் டேப், ஒரு நீளக் குச்சி. பேர் பிருந்தா, இன்ஜினியரிங் படித்தவள். ஊர் நாளுக்கு நாள் வளர்கிறது, பழைய வீடெல்லாம் இடிகிறது, ஆனால் வருஷத்துக்கு எவ்வளவு கட்டடக் கழிவு வருகிறது என்பது யாருக்கும் தெரியாதாம். அதை மதிப்பிடத்தான் தெருத் தெருவாக அளக்கிறார்களாம். எந்தப் பகுதியில் அதிகம் வருகிறதோ, அங்கே முதலில் லாரி விடுவார்களாம்.

நான் கிட்டே போனேன். "லாரி வருமா கண்ணு?"

"நிறைய வர்ற ஏரியாவுக்கு வரும் அய்யா."

"அளந்துக்கோ கண்ணு. நல்லா அளந்துக்கோ."

அவள் சுற்றி நடந்து டேப் பிடித்தாள். குச்சியை நிறுத்தி உயரம் பார்த்தாள். போனில் தட்டினாள். பிறகு மூன்றால் வகுத்தாள்.

"அது எதுக்குக் கண்ணு மூணுல ஒண்ணு?"

"மேல போகப் போகக் குறுகுது இல்லீங்களா? கூம்பு மாதிரி. அதான்."

"மேல தட்டையா இருந்தா?"

"அப்ப கணக்கு ஏறும்."

இதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். அவள் கணக்கைப் பார்த்துவிட்டு, "கம்மிதான் அய்யா" என்றாள்.

வேஸ்ட் கம்மி என்று ஒருவர் சொல்லி நான் வருத்தப்பட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"ஆடில வந்து அளந்தா எப்படிக் கண்ணு?" என்றேன். "ஆடில எவன் வீட்டுல கை வெப்பான்? ஆவணில வந்து பாரு, திரும்புன பக்கமெல்லாம் இடிஞ்சு கெடக்கும். ஆடியைப் பன்னெண்டால பெருக்குனா வருசம் பூராவும் ஆடியாத்தான் இருக்கும்."

அவள் சிரித்தாள். "தெரியும் அய்யா. ஆடிக்குன்னு கொஞ்சம் சேத்துத்தான் போடறோம்" என்றாள். பாருங்கள், ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடி, இவள் ஒருத்திதான் ஆடிக்குச் சேர்த்துப் போடுகிறாள். கெட்டிக்காரப் பெண். "ஆடிப்பெருக்கு நோம்பி முடிஞ்சு ஒருக்கா வந்து சரி பாப்பேன் அய்யா. அதுதான் கடைசி. இந்தத் தெருவுக்கு உங்க வீட்டைத்தான் மாதிரியா எடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாதிரி வீடு! நான் தெருவில் இருக்கிற எல்லாரிடமும் சொன்னேன்.

என் யோசனை இதுதான். கவனமாகக் கேளுங்கள், இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. வசந்தாமணி வர வேண்டுமென்றால் குவியல் போக வேண்டும். குவியல் போக வேண்டுமென்றால் லாரி வர வேண்டும். லாரி வர வேண்டுமென்றால் குவியல் பெரிதாக வேண்டும். ஆகவே, வசந்தாமணி வர வேண்டுமென்றால் குவியல் பெரிதாக வேண்டும்.

வீடு வீடாகப் போனேன். பழைய சுவர் ஏதாவது இருந்தால் எடுத்துத் தாருங்கள், நானே வந்து இடிக்கிறேன் என்றேன். "ஆடில வேண்டாமுங்க" என்றார்கள். ஆடியில் கட்டத்தான் கூடாது, இடிப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா மட்டும் மாற்றிப் போட்ட பழைய வெஸ்டர்ன் கக்கூஸ் பீங்கானைக் கொடுத்தார். பெரிய மனசு. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குவியல் உச்சியில் வைத்தேன்.

அப்போதுதான் பொங்கியண்ணன் வந்தார். தெருக்கோடியில் வீடு. என்னோடு ஒன்றாகப் படித்தவர்.

"நாச்சி, உன்ற இடிசலை எனக்குக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"பேஸ்மென்ட்டுக்கு. ரோடு போட்டுப் போட்டு உசந்துருச்சு. மழை பேஞ்சா தண்ணி மொதல்ல என்ற வீட்டுக்குத்தான் விருந்துக்கு வருது. ஆவணில முன்னால ஒரு ரூம்பு போடறேன். கீழ ரொப்பறதுக்கு உன்ற குவியல் கணக்கா இருக்கும். ஆளு, டிராக்டர் எல்லாம் என்ற பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள வாசலைக் கூட்டித் தண்ணி தெளிச்சுக் குடுத்தர்றேன்."

எனக்கு எரிச்சலாக வந்ததுங்க. மனுஷன் வேலையில் இருக்கும்போதுதான் எவனாவது குறுக்கே வருவான்.

"இப்ப முடியாது" என்றேன். "அளக்க வர்றாங்க. நீ எடுத்துட்டுப் போயிட்டா இங்க என்ன இருக்கும்? லாரி வராது."

"லாரி எதுக்கு?"

"இடிசலை எடுக்க."

"அதைத்தான் நான் எடுக்கறங்கறேன்."

"நீ எடுத்துட்டா லாரி எதை எடுக்கும்?"

பொங்கியண்ணன் குவியல் மேல் ஏறி அந்தப் பீங்கான் மேல் உட்கார்ந்துகொண்டார். "தங்கச்சி எப்ப வர்றா?" என்றார். வசந்தாமணியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"இடிசல் போனதும்."

"இடிசலை நான் எடுத்துக்கறேன்னு சொன்னேனே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"தங்கச்சி போனது செரிதான்" என்று இறங்கிப் போய்விட்டார். என்ன செரி, எது செரி என்று சொல்லவில்லை. படிக்கும்போதும் அவருக்குக் கணக்கு கொஞ்சம் மட்டுதான்.

நான் வேலையைப் பார்த்தேன். கடப்பாரை எடுத்துக் காம்பவுண்டுச் சுவரை எடுத்தேன். சுவர் போனதும் கேட் மட்டும் தனியாக நின்றது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதன் தூண்களையும் எடுத்தேன். மேல் பக்கத்தை மண்வெட்டியால் இழுத்துத் தட்டையாக்கினேன். டேபிளில் துணியை அடுக்கின மாதிரி அடுக்கு. கூம்பு என்று ஒரு பயல் சொல்ல முடியாது.

நோம்பி முடிந்து பிருந்தா வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து, "அய்யா, இதெல்லாம் எங்கிருந்து?" என்றாள்.

"வளர்ற ஊரு கண்ணு."

டேப்பைப் பிடித்தாள். பாதியில் நிறுத்தி, "உங்க வீட்டு கேட் எங்க அய்யா?" என்றாள்.

"அதைத்தானே அளந்துட்டிருக்கே."

அந்தப் பெண் டேப்பைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "வீட்டுல ஆன்ட்டி இல்லீங்களா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களுக்குச் சொல்கிற மாதிரி.

"போன் பண்ணிப் பேசுனீங்களா அய்யா?"

"குவியல் போகாம என்ன பேசறது?"

"ச்சும்மா, சாப்டியான்னு கேக்கலாமே."

சின்னப் பெண்தானே, குடும்ப விஷயம் அவளுக்கு எங்கே புரியும்? "நீ கணக்கைப் போடு கண்ணு" என்றேன். போட்டாள். பீங்கானைத் தனியாகப் போட வேண்டும் என்றாள். தனியாகவே போட்டுக்கொள் என்றேன். நல்ல கணக்குங்க. மாதிரி வீடு என்று சொன்னேனே, அதை அந்தத் தெருவில் எத்தனை வீடோ அத்தனையால் பெருக்குவார்களாம். பக்கத்துத் தெருக்களுக்கும் அதே கணக்குத்தானாம். அதாவது எங்கள் பகுதியில் எல்லாரும் என்னைப் போல இருந்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு.

"இதை மேல பாத்து நம்புவாங்களான்னு தெரியல அய்யா. நான் ஒரு குறிப்பு எழுதித்தான் அனுப்பறேன்" என்றாள். குறிப்பை யார் படிக்கிறார்கள்? எண்ணை மட்டும் படித்திருக்கிறார்கள். ஊரிலேயே எங்கள் பகுதிக்குத்தான் முதலிடம். அதற்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லையாம்.

லாரி வந்ததுங்க! ஆவணி கடைசியில் ஒரு காலை நேரம், சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். என்ன ஒன்று, லாரி லோடோடு வந்தது, காலியாகப் போனது.

எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு காலி இடம். அதில் போர்டு நட்டுவிட்டார்கள், கட்டடக் கழிவு சேகரிக்கும் இடம் என்று. அதிகமாக வருகிற பகுதியிலேயே சேர்த்தால் வண்டி அலைய வேண்டாமாம். நியாயம்தானே? முதல் நாளே ஜேசிபி வந்து என் குவியலை அப்படியே தெருவைத் தாண்டித் தள்ளி எதிரே சேர்த்துவிட்டது. அதன் மேல் நகரத்தில் இருக்கிற இடிசல் எல்லாம் வந்து விழுகிறது. என் குவியல் எது என்று இப்போது எனக்கே தெரியாது. தெருக்காரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. மூன்றாவது வீட்டு அம்மா பீங்கானைத் திருப்பிக் கேட்கிறார். அது கிடக்கட்டும். என் வாசல் சுத்தம். ஒரு கல் கிடையாது.

நேற்றுதான் வசந்தாமணிக்குப் போன் போட்டேன். "வாசல்ல இருந்தது போயிருச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"கூட்டி விட்டாப்பல இருக்குது."

"கேட்டுக்கு முன்னால?"

"கேட்டே இல்லை."

"காம்பவுண்டு?" என்றாள்.

"அதுவும் இல்லை. நல்ல விசாலமா இருக்குது. இனி அழைக்க வர்றவங்க தடுமாறவே வேண்டியது இல்லை, நேரா உள்ள வந்தரலாம்."

"பின்னால என்னமோ கடகடன்னு சத்தம் கேக்குதே?"

"அது நம்மளுது இல்லை வசந்தா, அரசாங்கத்துது."

அக்காவைக் கூப்பிட்டு என்னமோ சொன்னாள். அழுதாளா, சிரித்தாளா, போனில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள். நான் மெஸ்ஸில் என்றேன். "எளைச்சுத்தான் போயிருப்பீங்க" என்றாள். அவ்வளவு நாளைக்குப் பிறகு அதைக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எதிரே தூசி வேறு அதிகம்.

பிறகு ஒன்று சொன்னாள். நாலு செட் துணி, பிரஷர் மாத்திரை, போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். வீட்டுச் சாவியைப் பொங்கியண்ணனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கடப்பாரையையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டுமாம். போய்க் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறவனுக்கு நாலு செட் துணி எதற்குங்க? போர்வை எதற்கு? பெண்கள் மனசு. இந்தக் காலடியில் இருக்கிற பெரிய பை அதுதான். வழியில் உங்களுக்குக் கால் நீட்ட முடியவில்லை, மன்னிச்சுக்குங்க.

இன்றைக்குக் காலையில் பொங்கியண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு, "ரெண்டு மாசமாவது இருந்துட்டு வா நாச்சி" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கொத்தனார் டேப்போடு நின்றார். அவர் வீட்டு வேலைக்கு வந்த ஆளாகத்தான் இருக்கும். எங்கள் வாசலை எதற்கு அளந்தார் என்றுதான் புரியவில்லை.

பேசிக்கொண்டே வந்ததில் கொடுவாய் எப்போது போனது என்றே தெரியவில்லை. இதோ, பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. அந்த மரத்தடியில் பைக்கோடு நிற்கிறாரே, அவர்தான் என் சகலை. முகம் ஏன் அப்படி இருக்கிறது? உடம்பு சரியில்லையோ என்னவோ. அட, பக்கத்தில் பாருங்கள், வசந்தாமணி! பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். பார்த்தீங்களா, நான் சொல்லவில்லையா, குவியல் போனால் வந்துவிடுவாள் என்று? கையில் பை ஒன்றும் இல்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் இப்படியா கையை வீசிக்கொண்டு வருவாள்? மறந்திருப்பாள். போய் எடுத்துக்கொள்ளலாம்.

நல்லதுங்க, நான் இறங்குகிறேன். வசந்தாமணி சிரிக்கிறாள் பாருங்கள். சகலைதான் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு வருகிற கஷ்டமெல்லாம் அந்த மாடிப்படியால்தான். தெற்கே பார்த்து வைத்திருக்கிறார். போன தடவை வந்தபோதே கவனித்தேன், சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சுவர்தாங்க.